நடத்தைக்கு என்ன குறை?

அக்டோபர் 9, திங்கள்

தலைமை அலுவலகத்திலிருந்து மறுபடியும் மின்னஞ்சல். ‘அன்புள்ள டாக்டர் ஹவுடலா, நீங்கள் இன்னும் முதல் பாடத்தைத் திறக்கவில்லை என்பதைக் கவனித்தோம்.’ கவனித்தார்களாம்! கிளினிக்கின் கூரை ஒழுகுகிறது என்று வருஷக்கணக்காக எழுதுகிறேன், அதை ஒருவரும் கவனித்தபாடில்லை.

இணையப் பயிற்சியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. ‘ஆரம்ப சுகாதாரத்தோடு நடத்தை நலத்தை ஒருங்கிணைத்தல்.’ பன்னிரண்டு பாடங்கள், பாடத்துக்கு ஒரு தேர்வு. விஷயம் ஒன்றுமில்லை: மனசு சரியில்லாதவர்களை எங்கேயோ அனுப்பாமல், சளிக்கும் சர்க்கரைக்கும் வருகிற இதே கிளினிக்கிலேயே பார்த்துவிட வேண்டும். அதற்கென்று ஓர் ஆலோசகரும் வரப்போகிறார்.

டார்லீனிடம் சொன்னேன். எங்கள் கிளினிக்கின் முன்மேசை, தொலைபேசி, ஊர்வம்பு மூன்றுக்கும் பொறுப்பு அவள்தான்.

“நடத்தை நலமா? அப்ப முதல்ல என் வீட்டுக்காரரைத்தான் அனுப்பணும் டாக்டர். சாப்பிடும்போதுகூட தொப்பியக் கழட்ட மாட்டேங்கறார்.”

அக்டோபர் 12, வியாழன்

மாவுக்குள் இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுடும் பாஸ்டிக்குக் கிழங்கு நறுக்கிக்கொண்டே முதல் இரண்டு பாடங்களையும் பார்த்தேன். பாடம் நடத்தும் அம்மாளுக்குப் பின்னால் ஒரு பூந்தொட்டி. செடி ஒரு இலைகூட வாடாமல் இருக்கிறது, பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும். நடுவில் ஒரு நாடகம். டாக்டர் கேட்கிறார்: ‘நம் ஆலோசகரைச் சந்திக்கிறீர்களா?’ நோயாளி முகம் மலர்ந்து, ‘அருமையான யோசனை, டாக்டர்!’ என்கிறார். எங்கள் மாவட்டத்தில் யாராவது ‘அருமை’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. இங்கே பிள்ளை பிறந்தாலும் ‘ஏதோ போகுது’, வீடு எரிந்தாலும் ‘ஏதோ போகுது’.

ஆனால் பூந்தொட்டி அம்மாள் சொன்ன ஒன்று உறைத்தது. நோயாளியின் மனம் கொஞ்சம் இளகும் அந்த நேரத்திலேயே, டாக்டரே அவரைக் கூட்டிக்கொண்டு நடந்துபோய் ஆலோசகரிடம் சேர்த்துவிட வேண்டும். சூட்டோடு சூடாக ஒப்படைப்பது. ‘இந்த நம்பருக்குப் பேசுங்கள்’ என்று துண்டுத்தாள் கொடுத்து அனுப்பினால் யாரும் போவதில்லையாம். உண்மைதான். நான் கொடுத்த துண்டுத்தாள்கள் எல்லாம் எந்தெந்தச் சட்டைப் பைகளில் துவைபட்டுக் கிடக்கின்றனவோ! மனநல வைத்தியர் இருப்பது தொண்ணூறு மைல் தள்ளி. போனாலும் வாசலில் வண்டியை நிறுத்த வேண்டும். மிச்சிகனின் இந்த வடகோடியில் வண்டியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

டென்னி எட்டிப் பார்த்தார். “சூட்டோடு சூடா கைமாத்தறதா? பாஸ்டிக்குத்தானே அப்படிச் சொல்லுவாங்க?” கணவர் என்று ஒருவர் வாய்த்தால் இப்படித்தான்.

தேர்வில் தோற்றேன். கிழங்கு நன்றாக வந்திருந்தது.

அக்டோபர் 20, வெள்ளி

ஆலோசகர் வந்துவிட்டார். ஒமார் சல்சீடோ, டெக்சஸின் தெற்கு மூலையில் இருக்கும் லரேடோக்காரர். நாற்பத்தாறு வயது, நரைத்த மீசை, மகள் கல்லூரியில். அவர் போட்டிருந்த கோட்டை எங்கள் ஊரில் மே மாதத்தில்கூடப் போட மாட்டார்கள். ஏரிக்காற்று ஒரு வீசு வீசியதும் வாசலிலேயே நின்று, “இது குளிரா, இல்ல ஏதாவது தண்டனையா?” என்று கேட்டார். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

எங்கள் ஊர் லெஹ்டோவின் பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறாராம். டார்லீன் உடனே, “நல்ல சௌனா இருக்கற வீடாச்சே!” என்றாள்.

“ஆமா, பின்னாடி ஒரு சின்ன மர அறை. சானாதானே? ரொம்ப வசதியா இருக்கு.”

“சானா இல்ல ஒமார். சௌ–னா. இன்னொரு தடவ சானான்னு சொன்னா இந்த ஆபீஸ்ல உங்களுக்குக் காபி கிடையாது.”

பாவம், சௌ சௌ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே அறைக்குப் போனார். காய்ந்த கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் வேர்த்துக் குளிக்கும் அறை அது; எங்கள் ஊரில் கோவில் மாதிரி. கதவில் தலைமை அலுவலகம் முன்கூட்டியே பலகை அடித்திருக்கிறது: ‘நடத்தை நலம்’. பெரிய எழுத்தில். கண் தெரியாதவருக்குக்கூடத் தெரியும்.

அக்டோபர் 26, வியாழன்

இன்று ரே வந்தான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ரே நிஸ்கனென் என்னோடு பள்ளியில் படித்தவன், எங்கள் தெருவின் கடைசி வீடு, டென்னியோடு மான் வேட்டைக்குப் போகிறவன். குளிர்காலம் முழுக்க எங்கள் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். அவன் வண்டி வராவிட்டால் இந்த ஊருக்குப் பால் வராது, ஆம்புலன்ஸ் வராது. மே மாதம் அவன் மனைவி எலேன் போய்விட்டாள். தோட்டத்தில் குனிந்தவள் நிமிரவில்லை.

அந்த வண்டி ஓட்ட உடல்தகுதி அட்டை வேண்டும். நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். ரத்த அழுத்தம் 172/104. மறுபடி பார்த்தேன். அதேதான். இந்த அளவுக்கு மூன்று மாதத் தற்காலிக அட்டைதான் தரலாம், அதுவும் ஒரே ஒரு முறை. ஜனவரி கடைசிக்குள் 140க்குக் கீழே இறங்கவில்லையென்றால் வண்டியைவிட்டு இறங்க வேண்டியதுதான். ஜனவரி — பனி இடுப்பளவு இருக்கும் ஜனவரி.

“அப்ப ரோட்ட யாரு தள்ளுவா? நீ மண்வெட்டியோட வருவியா?” என்றான். சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

“மாத்திரை சாப்பிடறியா ரே?”

“சாப்பிடறேனே.” சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னான்.

“தூக்கம்?”

“ஏதோ போகுது.”

மூன்றாவதாக ஒரு மாத்திரையையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? எலேன் போன பிறகு அந்த வண்டி ஒன்றுதான் அவனைக் கட்டிலைவிட்டு எழுப்புகிறது. அதையும் நானா பிடுங்க வேண்டும்? நான்தானா கிடைத்தேன்?

அக்டோபர் 27, வெள்ளி

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

நவம்பர் 3, வெள்ளி

பாடத்தில் சொன்னபடி, வருகிறவர்களுக்கெல்லாம் ஒன்பது கேள்வித் தாளைக் கொடுத்து வாங்குகிறோம். ‘கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா? தூக்கம்? பசி?’ அறவே இல்லை என்றால் பூஜ்யம், தினமும் என்றால் மூன்று. இதுவரை வந்த தாள்கள் எல்லாமே பூஜ்யம். போன மாதம் கொட்டகை எரிந்தவர் பூஜ்யம். மருமகள் பேசுவதில்லை என்று என்னிடம் முக்கால் மணி நேரம் அழுத அம்மாளும் பூஜ்யம். போன வாரம் ரேயும் பூஜ்யம், மாதிரித் தாள் போல அழகாக வட்டம் போட்டிருந்தான்.

ஒமார் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “டாக்டர், நாட்டுலயே சந்தோஷமான மாவட்டத்துக்கு வந்துட்டேன் போலிருக்கு,” என்றார். அவர் அறைக்கு இன்னும் ஒரு ஆள்கூடப் போகவில்லை. ஒரு பாட்டியம்மா மட்டும் பலகையைப் படித்துவிட்டு டார்லீனிடம் குனிந்து, “ஜெயில்லருந்து வந்தவங்களுக்கா இது?” என்று கேட்டாராம்.

நவம்பர் 9, வியாழன்

மூக்கு உடைந்தது.

ரே அழுத்தம் பார்க்க வந்தான். 170. இறங்கவே இல்லை, மூன்று மாத்திரைக்கும். சரி, இன்று ஒப்படைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். ஒப்படைப்பதை விளக்கும் ஆறாம் பாடத்தை நேற்று இரண்டு முறை பார்த்திருந்தேன். பூந்தொட்டி அம்மாளின் குரலே எனக்கு வந்துவிட்டது. “ரே, உன் உடல்நலத்தை முழுமையா கவனிக்கறதுக்கு எங்க குழுவில ஒருத்தர் இருக்காரு. நான் ரொம்ப நம்பற ஆளு. ஒரு நிமிஷம் அறிமுகப்படுத்தறேன்.” அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவனிடம் நான் இவ்வளவு மரியாதையாகப் பேசியதே இல்லை. இருந்தாலும் கூட நடந்து வந்தான். ஒமாரின் அறைக் கதவு வரைக்கும் வந்தான்.

பலகையைப் படித்தான்.

“நடத்தை நலமா?” முகம் சிவந்துவிட்டது. “கெயில், என் நடத்தைக்கு என்ன குறை? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா? நான் யாரையாச்சும் ஒரு வார்த்தை தப்பா பேசினது உண்டா?”

“அது அப்படியில்ல ரே, அது ஒரு பேருதான் —”

“எனக்குப் பைத்தியம்னு நெனச்சிட்டியா?”

பின்வாசல் வழியாகப் போய்விட்டான். தொப்பியை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான், இந்தக் குளிரில். ஓடிப்போய்க் கொடுத்திருக்கலாம். என்னத்தச் சொல்லிக் குடுக்கறது? பாடம் பாடம்னு கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சு, இருந்த ஒரு சிநேகிதனையும் விரட்டிட்டேனே!

நவம்பர் 10, வெள்ளி

ஆறாம் பாடத் தேர்வு: தோல்வி. ‘நீங்கள் அதிகம் பேசுகிறீர்கள்’ என்று பதில் வந்தது. கம்ப்யூட்டருக்கே தெரிந்துவிட்டது.

நவம்பர் 15, புதன்

மான் வேட்டை தொடக்கம். பள்ளிக்கூடம் விடுமுறை, கிளினிக்கில் ஈ ஓட்டினோம். இன்றைக்கு மாரடைப்பு வந்தால்கூட மாலை வரை தள்ளிப்போடுவார்கள் எங்கள் ஆண்கள்.

டென்னி தனியாகத் திரும்பி வந்தார். ரே போகவில்லை. எங்களுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து அவர்கள் இரண்டு பேரும் தொடக்க நாளைத் தவறவிட்டதே இல்லை.

“வாசல்ல போய் ஹார்ன் அடிச்சேன். ஜன்னல்லருந்து கையாட்டினான். அவ்வளவுதான்,” என்றார் டென்னி. துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே ரே வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று கிளினிக்கில் ரேயைப் பற்றி ஒமாரிடம் பேசியிருந்தேன். கேட்டுவிட்டு, அறையிலிருந்து ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். பலகையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“தலைமை அலுவலகம் கேட்டா?”

“கழண்டு விழுந்துடுச்சின்னு சொல்லுவோம் டாக்டர். நாலு ஸ்க்ரூவும் ஒரே நேரத்துல.”

இப்போது கதவில் ஒமார் என்று மட்டும் இருக்கிறது. டார்லீன் எழுதிய காகிதம்.

நவம்பர் 22, புதன்

நடந்ததை நடந்தபடியே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

ரே தொப்பி வாங்க வந்தான். என்னைப் பார்க்கக்கூட இல்லை. டார்லீன் தொப்பியைத் தன் நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, “பிரஷர் பாத்துட்டு வா, அப்புறம் தரேன்,” என்றாள். முணுமுணுத்துக்கொண்டே என் அறைக்கு வந்தான். கையில் பட்டையைச் சுற்றினேன். கதவு திறந்திருந்தது. வெளியே ஒமார் காபிக்காக வந்து நிற்கிறார், டார்லீன் பேச்சுக் கொடுக்கிறாள்.

“என்ன ஒமார், சனிக்கிழமை சௌனா போட்டீங்களா?”

“அதுலயா? அதுலதான் என் பொட்டியெல்லாம் வச்சிருக்கேன். சைக்கிளும்.”

காத்திருந்தவர்களின் பேச்சு அப்படியே நின்றது. எதிரே ஒரு அம்மாளின் பின்னல் ஊசி அந்தரத்தில் நின்றது. நானும்தான் வாயைப் பிளந்தேன். மேரி மாதா சிலைமேல் துணி காயப்போட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டோம்.

“என்ன வச்சிருக்கான்?” என்றான் ரே.

எழுந்தான். பட்டை கையிலேயே இருக்கிறது, குழாய் தொங்குகிறது. விறுவிறுவென்று நடைக்குப் போனான்.

“யோவ் டெக்சஸ்! அது என்ன குடோனா? லெஹ்டோ தன் கையால கட்டின சௌனாய்யா அது! அவங்க வீட்டுல மூணு பிள்ளைங்க அதுக்குள்ளதான் பொறந்துச்சு!”

ஒமார் நிஜமாகவே பயந்துபோனார். “எனக்குத் தெரியாதுங்க. அடுப்பு எப்படி மூட்டறது, கல்லு எதுக்கு, ஒன்னும் தெரியல. யாரும் சொல்லல.”

“யாரும் சொல்லலையா?” ரே திரும்பி என்னை முறைத்தான். ஊரே சேர்ந்து ஒரு கொலையை மறைத்தது போல. “ஒரு மாசமா இங்க இருக்கான், ஒருத்தரும் சொல்லலையா?”

நான் யோசிக்கவில்லை. பாடம் நினைவுக்கு வரவில்லை, பூந்தொட்டி நினைவுக்கு வரவில்லை. “நீதான் சொல்லேன்,” என்று ஒமாரின் அறைக் கதவைத் திறந்து, இரண்டு பேரையும் உள்ளே தள்ளிச் சாத்தினேன்.

அப்புறம் அடுத்த நோயாளிக்குத் தொண்டையைப் பார்க்கும்போதுதான் உறைத்தது. நடந்து கூட்டிப்போய், கதவு வரைக்கும், சூட்டோடு சூடாக... இதுதானே அது! யாரை யாரிடம் ஒப்படைத்தேன் என்பதுதான் தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து ரே வந்தான். கண் சிவந்திருந்தது. டார்லீன் எழுந்து, நசுங்கிய தொப்பியைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தாள். “அவன்கிட்ட இருக்கற விறகு பச்சை. அடுத்த வாரம் வந்து கேக்கறேன், பொட்டிய எடுத்தானான்னு,” என்று சொல்லிவிட்டுப் போனான். பட்டையும் அவன் கையோடு போனது. டார்லீன் வாசலுக்கு ஓடிப்போய்க் கழற்றிக்கொண்டு வந்தாள்.

மாலையில் ஒமார் சொன்னார், ரேயிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான். முதலில் பிர்ச் விறகு, அப்புறம் எந்தக் கல் வெடிக்கும், எது வெடிக்காது, எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தானாம். “கடைசியா கல்லு மேல தண்ணி ஊத்தறது எலேன்,” என்றவன் அங்கேயே நின்றுவிட்டான்.

“நான் ஒன்னும் பேசல டாக்டர். சும்மா உக்காந்திருந்தேன்.”

மே மாதத்திலிருந்து ரே சௌனா போடவில்லை. அவளுடைய துண்டு இன்னும் அங்கேதான் தொங்குகிறதாம். அப்புறம் அந்த மாத்திரை விஷயம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழு அறை டப்பாவில் அவனுக்கு மாத்திரை நிரப்பி வைப்பது எலேன். கடைசியாக நிரப்பியதில் பாதி அப்படியே இருக்கிறது. அதை எடுத்துச் சாப்பிட்டால் அவள் வைத்தது தீர்ந்துவிடும். அதனால் தொடவில்லை. புதிதாக வாங்கியதையும் பிரிக்கவில்லை.

ஆறு மாதமாக ஒரு மாத்திரைகூட உள்ளே போகவில்லை. நானோ மூன்றாவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு ஏன் இறங்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பதா அழுவதா? இரண்டும் செய்தேன்.

நவம்பர் 30, வியாழன்

ரே சொன்னபடியே வந்தான், ‘பொட்டிய எடுத்தானான்னு’ கேட்க. நேராக ஒமார் அறைக்கு. என் அறைப்பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒமார் அவனுக்கு இரண்டே விஷயங்கள் சொல்லியிருக்கிறார். பழைய டப்பாவைத் தொட வேண்டாம், அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். வேறு நிறத்தில் ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். இரண்டாவது ஒப்பந்தம்: ஒமார் தன் சௌனாவைப் போட்டால், ரேயும் தன்னுடையதைப் போட வேண்டும். ஐந்தாம் பாடத்தில் இதற்கு ‘சிறு செயல்களால் மனதைக் கிளப்புதல்’ என்று பெயர். ஐந்தாம் பாடத்தில் நான் தேறியிருந்தேன், ஆனால் இப்போதுதான் புரிகிறது.

நானும் என் பங்குக்குச் சட்டம் போட்டேன். மூன்று மாத்திரையையும் அடித்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கினேன். ஒரு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டு, நான் பார்த்துச் சரியென்ற பிறகுதான் சௌனா. அதுவும் சூடு குறைந்த கீழ்ப்பலகையில்தான். கொஞ்ச நேரம்தான். பீர் கிடையாது, பனியில் புரள்வது கிடையாது.

“அப்ப அது சௌனா இல்ல கெயில். ஆஸ்பத்திரி.”

ஆனால் என்னோடு பேசிவிட்டான்.

இன்னொன்று. ஒன்பது கேள்வித் தாளை மறுபடியும் நிரப்பினான். பூஜ்யமாக இருந்தது பதினாலாகிவிட்டது. ஒரு நோயாளியின் கணக்கு ஏறியதற்காக நான் துள்ளிக் குதித்தது இதுதான் முதல் தடவை. உண்மையை எழுதினான்!

டிசம்பர் 2, சனி

ஒமார் தன் சௌனாவைப் போட்டார். புகைபோக்கியின் தடுப்பைத் திறக்க மறந்துவிட்டார். கதவு, ஜன்னல், பலகை இடுக்கு எல்லாவற்றிலிருந்தும் புகை. டார்லீனுக்கு மட்டும் நாலு பேர் தொலைபேசியில் கூப்பிட்டார்களாம். அந்தப் பக்கமாகப் பனி தள்ளிக்கொண்டு வந்த ரே வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, “மூடியத் திறய்யா டெக்சஸ், மூடிய!” என்று கத்தியது எங்கள் வீடு வரை கேட்டது. நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று?

ரே வீட்டில் இன்னும் புகை இல்லை.

டிசம்பர் 9, சனி

ரே வீட்டு சௌனாவிலிருந்து புகை. டென்னியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் ஜன்னலில் நின்றோம். கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்றேன். “அதான் கையில காபி வச்சிருக்கியா?” என்றார்.

டிசம்பர் 21, வியாழன்

148/90. இறங்கியிருக்கிறது. போதவில்லை. பண்டிகை நெருங்க நெருங்க அவன் முகம் வேறு தொங்கிக்கொண்டே வருகிறது. எலேன் இல்லாத முதல் கிறிஸ்துமஸ். இரண்டாவது மாத்திரையைச் சேர்த்தேன்.

“இதுக்கு மேல இறங்கலன்னா?”

“கையெழுத்து போட மாட்டேன் ரே.”

“இத்தன வருஷப் பழக்கத்துக்குக்கூடப் போட மாட்டியா?”

“பழக்கத்துக்காகத்தான் போட மாட்டேன். நீ வண்டியோட பள்ளத்துல போய் விழுந்தா எலேனுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

அவள் பெயரை நான் அவன் முன்னால் சொன்னது அடக்கத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான். அவன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. “அவ உன்னயத்தான் மொதல்ல திட்டுவா,” என்றான். பிறகு இரண்டு பேரும் எலேன் எப்படித் திட்டுவாள் என்று பேசினோம். நடித்தே காட்டினான். அச்சு அசலாக இருந்தது.

ஒமாரையும் ரேயையும் கிறிஸ்துமஸுக்கு அழைக்கலாமா என்று யோசித்தேன். ஒமார் தலையை ஆட்டினார். தன்னிடம் வருகிறவர்களோடு விருந்துக்கு உட்காரக் கூடாதாம், பாடம் ஏழு. சரி, ரே மட்டும். ஒமாருக்குப் பாஸ்டி கொடுத்து அனுப்ப வேண்டும். சூட்டோடு சூடாக.

டிசம்பர் 25, திங்கள்

ரே வந்தான். தட்டு நிறையச் சாப்பிட்டான். நடுவில் கொஞ்ச நேரம் காணவில்லை. கொட்டகையில் டென்னியோடு நின்றுகொண்டிருந்தான். விறகு அடுக்கினார்களாம். அப்படித்தான் டென்னி சொல்கிறார்.

ஜனவரி 13, சனி

புயல். ஏரியே எழுந்து வந்து ஊர்மேல் விழுந்தது போல் பனி. ரே வண்டியின் மஞ்சள் விளக்கு மட்டும் தெருவில் போவதும் வருவதுமாக இருக்கிறது. ஒவ்வொரு முறை எங்கள் வாசலைத் தாண்டும்போதும் ஹார்ன் அடிக்கிறான். அடுத்த பனிக்கு அந்த வண்டியில் யார் இருப்பார்கள்? நினைக்கக் கூடாது என்று நினைத்தாலும் நினைக்கிறேன்.

ஜனவரி 25, வியாழன்

தற்காலிக அட்டைக்கு நாளையோடு கெடு.

உட்கார வைத்தேன். காலை ஊன்றச் சொன்னேன். பேசாதே என்றேன், அவன் பேசவேயில்லை, நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். டார்லீன் ஏதோ பேனா தேடுகிற சாக்கில் மூன்று முறை வந்து போனாள்.

134/82.

“உன் மிஷின் பொய் சொல்லும், இன்னொரு தடவ பாரு,” என்றான் ரே.

132/80.

கையெழுத்துப் போட்டேன். ஒரு வருஷத்து அட்டை. அவசரத்தில் ஹவுடலாவில் ஒரு எழுத்து குறைந்துவிட்டது.

“பாத்தியா, உன் நடத்தைதான் இன்னிக்கு சரியில்ல,” என்றான்.

டார்லீன் வெளியிலிருந்து கைதட்டினாள். யாரும் ஒன்றும் சொல்லாமலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது.

அட்டையைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, கதவருகே நின்று சொன்னான்: “இப்ப தண்ணிய நானே ஊத்திக்கறேன் கெயில். அவ அளவுக்கு வரல. ஆனா ஊத்தறேன்.”

அடுத்த வியாழனும் ஒமாரிடம் வருகிறானாம். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். ‘அன்புள்ள டாக்டர் ஹவுடலா, பதினோரு பாடங்களை முடித்ததற்கு வாழ்த்துகள். ஆறாம் பாடம் இன்னும் நிலுவையில் உள்ளது.’ கூரையைப் பற்றி ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 15, வியாழன்

காலையில் நல்ல கூட்டம், பாதிக் கிளினிக்குக்குச் சளி. ரேயின் நாள்தான், ஆனால் அவன் தனியாக வரவில்லை. அவனோடு வண்டி ஓட்டும் பட்ச் லாஹ்தியை முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். பட்ச் கதவளவு ஆள், பல் பிடுங்கினால்கூட வாயைத் திறக்காதவன். அவன் மகன் போன இலையுதிர்காலத்தில் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனது ஊருக்கே தெரியும். அதைப் பற்றி அவன் பேசி மட்டும் யாரும் கேட்டதில்லை.

“தோள்பட்டை வலிதான்,” என்று பட்ச் டார்லீனிடம் சொல்லத் தொடங்கினான்.

ரே முன்மேசையில் நிற்கவே இல்லை. நடையில் நேராகக் கூட்டிக்கொண்டு போனான். என்னைத் தாண்டும்போது கண்ணடித்தானா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா? ஒமாரின் கதவைத் தட்டித் திறந்தான்.

“ஒமார், இது பட்ச். இவன் சௌனாவுலயும் பொட்டி இருக்கு.”

பட்ச் தரையைப் பார்த்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஒமார் எழுந்து நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினார். ரே வெளியே வந்து கதவை மெதுவாகச் சாத்தினான். டார்லீன் பக்கத்தில் போய் உட்கார்ந்து காபி கேட்டான், தன் முறை வரட்டும் என்று.

சாயந்திரம் ஆறாம் பாடத் தேர்வை மறுபடியும் திறந்தேன். ‘நோயாளியை ஆலோசகரிடம் ஒப்படைக்கும்போது என்ன சொல்ல வேண்டும்? சரியான விடையைத் தேர்ந்தெடுக்கவும்.’ நான்கு விடைகள் இருந்தன. எதிலுமே பெட்டி இல்லை.